தலைப்புக்குள் ஒரு கோவில்

2015இல் வெளிவந்த ஓர் இலங்கை இசைத்தட்டின் பெயரைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்: ‘மணிபூர இம்பீரியல் டெத்எவோகோவில்: ஸ்கிரிப்சர்ஸ் ஒஃப் ரிவேர்ஸ்ட் புராண தர்மேர்டர்’. வைத்தவர்கள் ‘ஜெனொசைட் ஷ்ரைன்ஸ்’ என்ற குழுவினர். முதல் தடவை அந்த அட்டையைப் பார்த்தபோது மூன்றாவது சொல்லைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன். டெத் என்றால் சாவு. எவோக் என்றால் ஏவி வரவழைப்பது. அவை இரண்டோடும் ஒட்டிக்கொண்டு நிற்பது கோவில். வெள்ளவத்தையில் ஓட்டோக்காரரிடம் மயூரபதி அம்மன் கோவிலடிக்குப் போகச் சொல்லும்போது நம் வாயில் வருகிற அதே கோவில். சிங்களத்திலும் இந்துக் கோயிலைக் ‘கோவில’ என்றுதான் சொல்வார்கள். தமிழிலிருந்து போன சொல். எந்த வாசலால் உள்ளே வந்திருந்தாலும் அதன் வேர் நம்முடையது.

சொற்களை வெட்டி, வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று ஒட்டுவது இந்தக் குழுவின் கைவேலை. தர்மமும் மேர்டரும் சேர்ந்து ‘தர்மேர்டர்’. 2012இல் வந்த சிறுதட்டின் பெயர் ‘தேவநேஷன் மொனுமென்டெம்பிள்ஸ்’: தேவரும் நேஷனும் கலந்து, உரக்கச் சொன்னால் பேரழிவுக்கான ஆங்கிலச் சொல்லின் சாயல் வருகிறது, நினைவுச் சின்னமும் ஆலயமும் ஒன்றையொன்று விழுங்கிக் கிடக்கின்றன. இந்தத் தீவின் ஆக உரத்த இசைக்குள் நான் கண்டெடுத்த தமிழ் இப்படி ஒரு துண்டுதான். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தெருவெல்லாம் கேட்கிற மொழி அங்கே ஏன் ஒரு துண்டாக மட்டும் கிடக்கிறது என்ற கேள்வி என்னைப் பல வருடங்களாக விடவில்லை.

ஜெனொசைட் ஷ்ரைன்ஸ் 2011இல் உருவான குழு. அவர்கள் வாசிப்பது பிளாக் மெட்டலும் டெத் மெட்டலும் முட்டி மோதும் இடத்தில் பிறந்த ஒரு வகை. கேட்பவர்கள் அதை வார் மெட்டல் என்பார்கள். அதன் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் பிரேசிலின் சார்கோஃபாகோ 1987இல் வெளியிட்ட தட்டுக்கும், கனடாவின் வன்கூவரிலிருந்து பிளாஸ்ஃபெமி குழு 1990இல் வெளியிட்ட தட்டுக்கும் போய்ச் சேரலாம். அதற்கும் முன்னால் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் இருக்கிறது. அங்கே ஒரு தகரத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்த டோனி அயோமி, விரல் வலிக்காமல் வாசிப்பதற்காகக் கிட்டாரின் தந்திகளைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தியில் சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. அவருடைய பிளாக் சபத் குழுவின் முதல் தட்டு வந்தது 1970இல். ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து தொடங்கிய இசை இது என்பதை நான் மறப்பதில்லை.

இதை வெறும் இரைச்சல் என்று தள்ளிவிடுபவர்களுக்காக ஒன்றைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கிட்டாரின் தடித்த தந்தி வழமையாக நொடிக்கு 82 அதிர்வுகளில் ஒலிக்கும். தீவிர மெட்டல்காரர்கள் அதை 62 வரைகூட இறக்குவார்கள். பிறகு சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடிப்பார்கள். மூன்றாவது சுரம் கிடையாது. ஆகவே அந்த ஒலிக்கூட்டில் மகிழ்ச்சியும் தெரியாது, சோகமும் தெரியாது. அந்த இரண்டு ஒலிகளும் ஒலிபெருக்கியில் உடைந்து சிதறும்போது அவற்றின் வித்தியாசம் தனியே மூன்றாவது ஒலியாகப் பிறக்கிறது. 62க்கும் 93க்கும் இடையிலுள்ளது 31. கிட்டாரில் எந்தத் தந்தியிலும் இல்லாத ஒலி அது. காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும், நெஞ்செலும்புக்குத் தெரியும். மண்டபத்தில் நிற்கும்போது சட்டை நடுங்குவது அதனால்தான்.

ட்ரம்ஸ் இன்னொரு கதை. பிளாஸ்ட் பீட் என்று சொல்லும் அடியில் கையும் காலும் மாறி மாறி, எண்ண முடியாத வேகத்தில், ஒரே கனத்தில் விழுந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் தாளம் என்ற உணர்வே கரைந்து, மழை பெய்வதுபோல் ஆகிவிடும். இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அந்நியமாகப் படவில்லை. நம் கலியாண வீடுகளில் தாலி ஏறும் நேரத்தில் ஐயர் கையைக் காட்டியதும் தவில்காரர் தாளக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு பக்கமும் மூச்சு விடாமல் வெளுப்பாரே, அந்தக் கெட்டிமேளம் என்ன? அமங்கலமான ஒரு சொல்லோ, தும்மலோ, அழுகையோ அந்த நொடியில் காதில் விழக்கூடாது என்பதற்காகச் சத்தத்தாலே ஒரு மதில் எழுப்புகிறோம். யாழ்ப்பாணம் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் (1933–1975) பற்றிப் பேசுகிற பெரியவர்கள் இன்றைக்கும் வியப்பது, வேகம் எவ்வளவு ஏறினாலும் அவருடைய ஒவ்வோர் அடியும் தனித்தனியே கேட்குமாம் என்பதைத்தான். மெட்டல் ட்ரம்ஸ்காரரை அவருடைய கூட்டாளிகள் எடைபோடும் தராசும் இதுவே.

கொழும்பில் சத்தம் என்பது எப்போதும் இசை மட்டுமாக இருந்ததில்லை. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மீகெட்டுவத்தை குணானந்த தேரரின் விகாரையை நோக்கி மேளதாளத்தோடு ஒரு பௌத்த ஊர்வலம் வந்தது. அருகே புனித லூசியா ஆலயத்தைச் சுற்றிக் கத்தோலிக்கர்களின் குடியிருப்புகள். ஊர்வலம் தாக்கப்பட்டது, உயிரும் போனது. வரலாற்றாசிரியர் மைக்கல் ரொபர்ட்ஸ் இந்த நிகழ்விலிருந்து தொடங்கி, பிரித்தானியர் காலத்து இலங்கையில் பறை மேளச் சத்தம் எப்படிச் சமூகங்களுக்கிடையிலான பலப்பரீட்சை ஆனது என்று ஒரு முக்கியமான கட்டுரை எழுதியிருக்கிறார். யார் யாருடைய வணக்கத்தலத்துக்கு முன்னால் மேளம் அடிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அனுமதியை யார் தருவது என்ற கேள்விகள் கொட்டாஞ்சேனையோடு நிற்கவில்லை. 1915இல் முஸ்லிம்கள் மீது பாய்ந்த கலவரத்தின் பின்னாலும், கம்பளையில் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹராவின் மேளம் ஒலிக்கலாமா என்ற வழக்கு இருந்தது. அண்மைக் காலத்துக்கு வந்தால், 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு வரம்பு கட்டியது. அந்த வழக்கு வெலிகமையின் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. இன்றைக்குக் கொழும்பில் ஓர் இசைக்குழு மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கடைசிப் பாட்டை முடிப்பதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது.

இந்த வரலாற்றில் தமிழ் இளைஞன் எங்கே நின்றான்? கொழும்பு மெட்டலின் மிகத் தெரிந்த பெயர் ஸ்டிக்மாட்டா. சுரேஷ் டி சில்வா பாடுகிறார், பாட்டுகள் ஆங்கிலத்தில். 1990களின் இறுதியில் சேர்ந்த அவர்களுடைய முதல் தட்டு ‘ஹொலோ ட்ரீம்ஸ்’ வந்தது 2003இல். அந்த வருடத்தை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. நகரம் கொஞ்சம் மூச்சு விட்டது. இரவில் வெளியே போய்வர மனம் வந்தது. பிறகு 2006, 2010, 2015 என்று அவர்களுடைய தட்டுகள் வந்தன. வெளிநாட்டு மேடைகளும் கிடைத்தன. அந்த ஆண்டுகளுக்கு நடுவில் விழுகிறது 2007 ஜூன் 7. அன்று விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பொலிஸாரால் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, நகரத்தைவிட்டே அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடுத்தாலும், அந்தக் காலை எங்கள் ஒழுங்கையில் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அப்போது எனக்கு இசை என்றால் ஒரு பழைய வோக்மேனும், கூட்டாளி பதிந்து தந்த கசெட்டுகளும். கறுப்புச் சட்டை, நீண்ட முடி, இரவு பத்து மணி, சோதனைச் சாவடி, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்: இந்த ஐந்தும் ஒன்றாக வருவதை எந்த அம்மாவும் அனுமதிக்கமாட்டார். என் அம்மாவும் அனுமதிக்கவில்லை. மேடைக்கு முன்னால் தமிழ் முகங்கள் குறைவாக இருந்ததற்கு ரசனையில் காரணம் தேடுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய வாத்தியம் ஒட்டாது என்று சொல்வதற்கும் இடமில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிட்டாரைக் கையில் எடுத்துத் தமிழ்ப் பொப் இசையை இந்தத் தீவு முழுவதும் ஆடவைத்தது அரை நூற்றாண்டுக்கு முன்னர். ஒரு தலைமுறை உரக்கப் பாடியது. அடுத்தடுத்த தலைமுறைகளுக்குச் சத்தம் போடாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்று சொல்லிக்கொடுக்கப்பட்டது.

போர் முடிந்த பிறகான ஒரு சனிக்கிழமை மாலைதான் நான் முதன்முதலாக ஒரு தீவிர மெட்டல் நிகழ்ச்சிக்குப் போனேன். வாடகை மண்டபம். சுவரோரமாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர், மூலையில் ரோல்ஸும் ஜிஞ்சர் பியரும் விற்ற ஒரு மேசை. மைக்கைச் சரிபார்த்தவர் ‘எக்காய், தெக்காய், துனாய்’ என்று சிங்களத்தில் எண்ணினார். பாடகர் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். கீழே நின்றவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டது ‘மச்சான்’ என்று. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை.

முதல் அடி விழுந்ததும் நடுவில் ஒரு வட்டம் திறந்தது. அதற்குள் பையன்கள் தோளால் மோதிக்கொண்டு சுழன்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அடிபிடி மாதிரித்தான் இருக்கும். கிட்ட நின்றபோதுதான் அதன் ஒழுங்கு தெரிந்தது. ஒருவன் வழுக்கி விழுந்தான். விழுந்த கணமே நாலு கைகள் அவனைத் தூக்கி நிறுத்தின. இன்னொருவனின் கண்ணாடி கழன்று விழ, ஒரு பெண் பிள்ளை இரண்டு கையையும் விரித்துச் சுழற்சியை மறித்துக்கொண்டு நிற்க, அவன் குனிந்து தேடி எடுத்தான். யாரும் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. இந்த நகரத்தில் எனக்கு நேராக ஒரு கூட்டம் பாய்ந்து வந்தும் நான் பயப்படாமல் நின்ற முதல் இடம் அதுதான். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்படியிருக்க, அந்தப் பெயர். ஜெனொசைட். தமிழில் இனப்படுகொலை. தீவிர மெட்டலில் சொற்கள் எப்போதும் எல்லை தாண்டியே நிற்கும்; சாவு, பிணம், கொள்ளைநோய், சாத்தான் என்று குழுக்கள் பெயர் வைப்பது உலகவழக்கம். அந்த வழக்கத்துக்குள் இதுவும் ஒரு பெயர். ஆனால் இந்தத் தீவில் அந்தச் சொல் எங்கள் வீடுகளில் வேறு கனத்தில் கிடக்கிறது. குழு உருவான 2011, போர் முடிந்த முள்ளிவாய்க்காலுக்கு இரண்டு வருடம் பிந்தியது. இசைத்தட்டு வந்த அதே 2015இல், பெப்ரவரி 10ஆம் திகதி, வட மாகாண சபை அந்தச் சொல்லைத் தீர்மானமாகவே நிறைவேற்றியது. ஒரு மேடையில் அந்தச் சொல் சீலையில் எழுதித் தொங்குகிறது. இன்னொரு மேடையில் அதைச் சொல்வதற்கு ஒரு சபை வாக்கெடுக்க வேண்டியிருக்கிறது. குழுவினரின் மனதுக்குள் புகுந்து நோக்கம் கற்பிப்பது என் வேலையில்லை. கேட்பவனின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்: அந்தச் சீலைக்கு முன்னால் கைதூக்கி ஆட எனக்கு முடியாது. அந்த இசையை நேசித்தும் முடியாது. தேவாலயம் எரிவதைப் படமாகப் போடும் சட்டைகளும் இப்படித்தான். நோர்வேயில் 1992இல் ஃபான்டொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்ததை ஒரு கலகச் சின்னமாகக் கொண்டாடிய தலைமுறையின் மிச்சம் அது. 2019 ஏப்ரல் 21இன் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் செருப்புகள் கிடந்த கோலத்தைப் பார்த்த கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் அந்தச் சட்டையை எப்படிப் போடுவார்?

தமிழர்கள் நடத்திய தீவிர மெட்டலைத் தேடினால் கொழும்பைவிட்டுச் சிங்கப்பூர் போக வேண்டும். கதிரேசன் பாடி பேஸ் கிட்டாரும் வாசிக்கும் ருத்ரா குழு 1992இல் தொடங்கியது. முதல் தட்டு 1998இல். 2003இல் ‘குருக்ஷேத்ரா’, 2005க்கும் 2011க்கும் இடையில் மூன்று பாகங்களாக ‘பிரம்மவித்யா’. டெத் மெட்டலுக்குள் உபநிடதத்தையும் வேதாந்தத்தையும் கொண்டுவந்து, வேத மெட்டல் என்று தங்களுக்கு ஒரு பெயரும் ஈட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூரின் இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் இவர்களை அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலோடு சேர்த்து ஆராய்ந்திருக்கிறார். இசையாக ருத்ரா எனக்கு மிகப் பிடித்த குழுக்களில் ஒன்று. ஆனால் 2001இல் வந்த தட்டின் பெயர் ‘ஆர்யன் குரூசேட்’. சமஸ்கிருதத்தில் அச்சொல் மேன்மையைக் குறிக்கும் என்பது சரி. திராவிட அரசியலின் காற்றில் வளர்ந்த ஒரு தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரியும் கேட்கும். தமிழர்கள் கையிலெடுத்தபோதும் இந்த இசை ஆங்கிலத்தையும் சமஸ்கிருதத்தையும் தேடிப் போனது. வீட்டு மொழி வீட்டிலேயே இருந்துவிட்டது.

ஒருவேளை உறுமல் குரலுக்குத் தமிழ் பொருந்தாதோ? இதை நான் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு சோதித்திருக்கிறேன். உறுமும்போது மெய்யான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிர்கின்றன. சுருதி போய்விடும். உயிரெழுத்துகள் எல்லாம் ஒரே நிறமாகும். இகரமும் எகரமும் ஒன்றுதான். ழ, ள, ல மூன்றும் தொண்டைக்குள்ளேயே கரைந்துவிடும். தப்பிப் பிழைப்பவை வல்லினங்கள், அதிலும் இரட்டித்தவை: க்க, ட்ட, த்த, ப்ப, ற்ற. அவை ஆணி அடித்ததுபோல் விழும். அப்படியென்றால் தமிழில் சரக்குக்கா குறை? தொல்காப்பியம் எண்ணும் இருபது வண்ணங்களில் வல்லெழுத்து மிகுந்து வருவதற்கென்றே வல்லிசை வண்ணம் இருக்கிறது. அருணகிரிநாதரின் சந்தங்களில் பாதியை அப்படியே எடுத்துப் பிளாஸ்ட் பீட்டின் மேல் வைக்கலாம்.

பொருளுக்கும் குறையில்லை. வார் மெட்டல்காரர்கள் இன்று தேடி அலைவதையெல்லாம் 12ஆம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் எழுதி வைத்திருக்கிறார். கலிங்கத்துப்பரணியில் ‘கோயில் பாடியது’ என்றே ஒரு பகுதி உண்டு. நிணமும் குருதியும் குழைத்து, தலைகளை அடுக்கி எழுப்பிய காளியின் கோயில். பேய்கள் யானைக் கொம்பால் பல் துலக்கி, போர்க்களத்திலேயே உலையேற்றிக் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. டெத்எவோகோவில் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது இதுதான். சாவை வரவழைக்கும் கோவில் எங்கள் இலக்கியத்தில் ஒன்பது நூற்றாண்டுகளாக நிற்கிறது, முழு வாக்கியங்களோடு.

அங்கேதான் எனக்குச் சிக்கல் தொடங்குகிறது. பரணி வென்றவனுக்குப் பாடுவது. ஆயிரம் யானையைக் கொன்ற வீரனுக்கு உரியது என்று அதற்கு இலக்கணமே உண்டு. குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் எரித்த கலிங்கத்தின் பக்கத்திலிருந்து அது பாடப்படுவதில்லை, அங்கே வீழ்ந்தவர்கள் கூழாகிறார்கள். தீவிர மெட்டலும் பெரும்பாலும் அதே இடத்திலிருந்து பேசுகிறது. கொல்லும் தெய்வத்தின் தொண்டையாலோ, அழிவின் தூதனாகவோ, படையின் உச்சியில் நின்றோ. இந்தத் தீவில் தமிழில் உறுமப்போகிற ஒருவருக்கு அந்த இடம் கிடையாது. 2009க்குப் பிறகு அவர் பரணியைக் களத்தில் கிடந்தவர்களின் பக்கத்திலிருந்து பாட வேண்டியிருக்கும். அதற்கு முன்மாதிரி ஜெயங்கொண்டாரிடமும் இல்லை, வன்கூவரிலும் இல்லை. தமிழ் அந்த இசைக்குள் துண்டாகவே கிடப்பதற்கு, பயத்துக்கும் சோதனைச் சாவடிக்கும் அடுத்தபடியாக, இதையும் ஒரு காரணமாக நான் நினைக்கிறேன். ஒப்பாரி இருக்கிறது, வல்லிசை இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் எடுக்கிற தொண்டை இனித்தான் வர வேண்டும். வந்தால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதாவது ஒரு மாடி வீட்டு அறையிலிருந்துதான் வரும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. கோயில் தவிலும், தேவாலய மணியும், பாங்கொலியும் ஒரே யன்னலால் உள்ளே வரும் அறைகள் அங்கேதான் இருக்கின்றன.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு முன்னரே எல்லாம் அடங்கிவிட்டது. காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, மண்டபத்தில் கண்ணாடியைத் தேடிய பையன் பக்கத்தில் வந்து நின்றான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கக் கண்ணாடியில் விரிசல். என் பெயரைக் கேட்டுவிட்டு, பாதி ஆங்கிலத்திலும் பாதி சிங்களத்திலும், “மச்சான், இந்தக் கோவில் என்பது உங்கட சொல்தானே, அதற்கு என்ன அர்த்தம்?” என்றான். கோ என்றால் அரசன், கடவுள் என்றும் சொல்லலாம். இல் என்றால் வீடு என்றேன். அவன் இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து, அடிவயிற்றிலிருந்து உறுமிக் காட்டினான். நல்ல உறுமல். கோ என்பது வீதிக்கு அந்தப் பக்கம்வரை போனது. இல் கேட்கவேயில்லை.

“திரும்பச் சொல்லு” என்றேன். 101 வந்துவிட்டது.